தைத்த பக்கங்கள்

“இன்னும் சொல்லலையா நீ?”

“எப்படிச் சொல்றது? நீ வந்து சொல்லு பாப்போம்.”

“நான் எப்படிச் சொல்வேன்? நான் அவளுக்கு மாமா. சாக்லேட் வாங்கித் தர்ற ஆளு. இதெல்லாம் அம்மாக்காரி சொல்ற விஷயம்.”

“அப்பா போனப்ப அம்மா எனக்குச் சொன்னாளா?”

அண்ணன் அடுப்பில் தேநீர் பொங்கி வழிவதையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்னவள் எட்டி அடுப்பை அணைத்தாள். பிறகு இரண்டு பேரும் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த தம்ளர்களை மறுபடி கழுவினார்கள்.

முன்னறையில் அக்கா கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாள். விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் வாடகை நாற்காலிகள். பின்னறையில், அக்காவின் தையல் மிஷினுக்கும் தைத்ததை வாங்கிப் போக ஆள் வராத துணிப்பைகளுக்கும் நடுவே, சின்னவளின் மகள் இருந்தாள். எட்டு வயது, வயதுக்குச் சிறிய உடம்பு, வீட்டில் எல்லோருக்கும் அவள் சுண்டு. பெரியம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள், வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், சத்தம் போடாமல் இரு என்று சொல்லி, பின்வாசல் வழியாகக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள்.

“விருந்தாளிங்க எதுக்கு மூக்கச் சிந்துறாங்க?” என்று கேட்டிருந்தாள் சுண்டு.

“சளி.”

“எல்லாருக்குமா?”

சின்னவள் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

“வெயில் தாழ வண்டி வந்துரும்,” என்றான் அண்ணன், ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி. “அதுக்கப்புறம் பாக்கணும்னு அவ கேட்டா, காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது. அதை மட்டும் யோசிச்சுக்க.”

குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தாலும் அக்கா ஒரு நாவல்தான் கொடுப்பாள். எங்கோ பனி பெய்கிற தேசத்துப் பழைய கதைகள். நீளநீளமான பெயர் வைத்தவர்கள் அதில் யாரும் கண்டிராத பழங்களைக் காய்ச்சி ரொட்டியில் தடவித் தின்பார்கள்; ஓநாய் ஊளையிடும்போது கதவைத் தாழிடுவார்கள். புத்தகம் வாங்கப் போவதற்கு முன்னால் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். “மழை வந்தா ஜன்னலைச் சாத்துவியா, தெறப்பியா?” திறப்பேன் என்பவர்களுக்குக் கப்பல், தீவு, புதையல். சாத்துவேன் என்பவர்களுக்கு வீடு, அடுப்பு, சகோதரிகள். “சாத்திட்டு, கண்ணாடி வழியா பாப்பேன்,” என்று சுண்டு சொன்ன வருடம், எதை வாங்குவது என்று அக்காவுக்குப் பிடிபடவே இல்லை. துணி வெட்டும்போதுகூட அதையே யோசித்துக்கொண்டிருந்து, யாருடைய சட்டைக்கோ இரண்டு இடது கை வெட்டிவிட்டாள்.

வாங்கியதை முதலில் அவள் படிப்பாள். அந்தக் கதைகளில் யாராவது ஒருவர் செத்துப்போவது வழக்கம். நாயோ, தம்பியோ, கிழட்டு மாலுமியோ. அந்த அத்தியாயத்தை மட்டும், பக்கங்களின் ஓரத்தைச் சேர்த்துப் பிடித்துக் கையால் தைத்து மூடிவிடுவாள். அட்டையின் நிறத்துக்குப் பொருத்தமான நூல். கூடவே ஒரு குட்டிக் கத்தரிக்கோலை ரிப்பனில் கட்டித் தருவாள்.

“எப்ப வெட்டணும்னு நீயே பாத்துக்க. அவசரமில்ல.”

அண்ணன் வாங்கிய அன்றைக்கே வெட்டி, ஒரு குதிரைக்காக அழுது, அழுதுகொண்டே ஒரு பொட்டலம் பிஸ்கட்டையும் தின்று முடித்தான். முதல் புத்தகம் வாங்கியவள் சின்னவள்தான். அப்போது அவளுக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. அப்பா போன சமயம். சின்னவளைப் பக்கத்து மாடி வீட்டில் விட்டுவைத்து, அப்பாவுக்குக் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் மாடிச் சுவரில் முகவாயை வைத்துக்கொண்டு, கப்பல் எந்தப் பக்கம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வந்து, அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, கையில் புத்தகத்தைக் கொடுத்தாள். கலங்கரை விளக்கக் காவலரும் அவருடைய மகளும். நடுவில் ஓர் அத்தியாயம் தைத்திருந்தது. அதற்கு முந்தைய பக்கத்தில் அந்த அப்பா விளக்கை எடுத்துக்கொண்டு படியேறுகிறார். அதற்கு அடுத்த பக்கத்தில் அந்தப் பெண் நகரத்தில், வேறு யார் வீட்டிலோ, சத்தமில்லாமல் சூப் குடிக்கிறாள்.

சின்னவள் அதை வெட்டவே இல்லை. அந்தப் புத்தகம் இன்னும் அவள் அலமாரியில் இருக்கிறது. அதற்குள் அவர் இன்னும் படியேறிக்கொண்டிருக்கிறார்.

போன பிறந்தநாளுக்குச் சுண்டுவுக்கு வந்தது ஒரு கழுதைக் கதை. கையை வெட்டிக்கொள்வாள் என்று சொல்லிக் கத்தரிக்கோலைச் சின்னவள் வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சுண்டு தைத்ததைத் தாண்டிப் படித்து முடித்துவிட்டு, “அந்தக் கழுதை எங்கம்மா போச்சு?” என்று கேட்டாள். “வேற ஊருக்கு வேலைக்குப் போயிருக்கும்,” என்றாள் சின்னவள், வாய் தவறி வந்ததுபோல. அறைக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

அன்றைக்குத்தான் அக்கா கோபித்துக்கொண்டாள். “உனக்குக் குடுத்ததை நீ வெட்டலை. சரி, அது உன் இஷ்டம். அவளுக்குக் குடுத்ததை நீ எதுக்குடி பிடுங்குற?”

தேநீர்த் தட்டோடு சின்னவள் வாசலுக்கு வந்தபோது, கடைசி நாற்காலியில் பழைய புத்தகக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் ஒன்று, மூக்கில் ஒன்று என இரண்டு கண்ணாடி வைத்திருப்பவர். அக்காவோடு அவருக்கு வருஷக்கணக்காகச் சண்டை.

“ஏன்யா, யாருமே சாகாத கதை ஒண்ணு எழுத மாட்டாங்களான்னு கேப்பாங்க உங்கக்கா,” என்றார் தம்ளரை வாங்கிக்கொண்டு. “எழுதுறாங்கம்மா, ஆனா பிள்ளைங்க அதைப் பாதியில வச்சிடுதுங்களேம்பேன் நான்.”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

“போன மாசம்கூட வந்தாங்க. படியேற முடியலை. கீழேயே நின்னுக்கிட்டு, அதை எடு, இதை எடுன்னு என்னை ஏணியில ஏத்தி எறக்கிட்டாங்க. நம்ம சுண்டுவுக்காம்.” அவர் தேநீரை ஊதினார். “நான் வேற ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். நாலு பிள்ளைங்க, ஒரு பூனை, யாருக்கும் ஒண்ணும் ஆகாது. வேணாம்னுட்டாங்க. படகுக்காரி கதைதான் வேணும்னு நின்னாங்க.”

“அதுல யாரு போறாங்க?”

அவர் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

“தேநீர் நல்லாயிருக்கும்மா,” என்றார்.

சின்னவள் தட்டைச் சமையலறையில் வைத்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள், ஏதோ வெளியூருக்குக் கிளம்புகிறவள் போல. ஒரு தம்ளர் பாலை ஆற்றிக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

சுண்டு தரையில் கவிழ்ந்து படுத்திருந்தாள். அவள் கன்னத்துக்குக் கீழே நீல அட்டை போட்ட தடித்த புத்தகம். ஓரத்தில் நீல நூல் தையல் மேலிருந்து கோணல்மாணலாக இறங்கி, பாதிப் பக்கத்தில் நின்றிருந்தது. அங்கிருந்து மிச்ச நூல் தொங்கியது. நூலின் நுனியில் ஊசி.

“எங்கேருந்து எடுத்த?”

“மிஷின் டிராயர்லதான் இருந்துச்சு. என் பேர் எழுதியிருக்கு.” சுண்டு தலையைத் தூக்காமலே சொன்னாள். “பெரியம்மா பாதிதான் தச்சிருக்கா.”

“ஊசி குத்திரும். இப்படிக் குடு.”

“குத்தலை. கீழ்ப் பாதியத் தூக்கிப் பாத்துப் படிச்சிட்டேன். படகுக்காரியும் அவ தங்கச்சி பொண்ணும்மா. அந்தம்மா எந்திரிக்கவே இல்ல. எல்லாரும் படகு வீட்டுக்கு வர்றாங்க. அந்தப் பொண்ண மட்டும் உள்ள விடலை.” சுண்டு எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் தையலின் தடம் பதிந்திருந்தது. “அப்புறம், ‘இனிமேல் துடுப்பை நீ பிடி’ன்னு ஒரு வரி இருக்கு. அதை யார் சொன்னா, எப்பச் சொன்னான்னு மேல இருக்கு. மேல தச்சிருக்கு.”

சின்னவள் அவள் பக்கத்தில், துணிப்பைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். பால் தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா.”

“ம்.”

“அந்தக் கழுதை வேலைக்கெல்லாம் போகலைதானே?”

வாசலில் ஒரு வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. அண்ணன் தாழ்ந்த குரலில் யாருக்கோ வழி சொன்னான். சின்னவளின் மடியில் கைப்பை இருந்தது. அதன் பக்கவாட்டு ஜிப்புக்குள், ரிப்பனோடு, ஒரு சின்னக் கனம்.

சுண்டு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். தொங்கிய ஊசியைக் கவனமாக எடுத்து, பெரியம்மா செய்வதுபோலவே, தன் கவுனின் கழுத்தோரத்தில் குத்திக்கொண்டாள். பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

“என் கத்திரியக் குடும்மா.”