ஒரே வேன்

பெண்கள் சங்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு வேன். அதை ஓட்டியவளுக்கு ‘ஸ்டியரிங்’ என்று பட்டப்பெயர். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. சங்கத்தை நடத்திய வக்கீலம்மாவுக்கும் அவளுக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது.

ஊர்வலத்தன்று காலையில் பதாகைகளும் ஒலிபெருக்கிகளும் வேனை அடைத்துக் கிடந்தன. கிளம்புகிற நேரத்தில் ஸ்டியரிங்குக்குப் போன் வந்தது. பேசியவள் இஸ்திரிக் கடையில் வேலை பார்ப்பவள். புருஷன் அடிக்கிறான் என்று இரண்டு முறை சங்கத்துக்கு வந்து அழுதுவிட்டுப் போனவள்.

“அக்கா, அடிச்சுப்போட்டு வெளியே பூட்டிட்டுப் போயிட்டான். கை வீங்கிக் கிடக்கு. மத்தியானம் வந்தா உயிரோட விடமாட்டான்.”

ஸ்டியரிங் வக்கீலம்மாவிடம் ஓடினாள்.

“போலீசுக்குச் சொல்லு.”

“சொல்லிட்டாளாம். குடும்ப விவகாரம், உள்ள நுழைய முடியாதுன்னுட்டாங்க.”

“அதுக்குத்தான்டி இந்த ஊர்வலமே! போலீஸ் கதவை உடைச்சுப் போகணும்னு சட்டம் வேணும். இன்னைக்கு மந்திரி நம்மளைப் பார்க்கிறார். ஒருத்திக்காக ஆயிரம் பேரைக் கைவிடச் சொல்றியா?”

“அந்த ஆயிரத்துல இவ இல்லையாம்மா?”

“எது முதல்லன்னு எனக்குத் தெரியும். நீ வண்டியை ஓட்டு.”

ஓட்டத்தான் செய்தாள். அதற்கு முன்னால் பதாகைகளையும் ஒலிபெருக்கிகளையும் இழுத்து நடைபாதையில் போட்டாள். பின்னால் கேட்ட வசவைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜாக்கிக் கம்பியால் பூட்டை நெம்பி அவளை வெளியே கொண்டுவந்தாள். பள்ளியிலிருந்து மகளையும் ஏற்றிக்கொண்டாள். இஸ்திரிக்காரிக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு சங்கத்துக்கு வந்தபோது வக்கீலம்மா தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

“மைக் இல்லாம கத்தினோம். மந்திரி காரைக்கூட நிறுத்தலை. மூணு வருஷ உழைப்பை மண்ணாக்கிட்ட. நாளையிலிருந்து வராதே.”

“வரலை. இவ செத்திருந்தா இவளுக்கும் ஒரு ஊர்வலம் நடத்தியிருப்பீங்க. அதுக்கு வேனும் குடுத்திருப்பீங்க.”

“வாயை மூடு!”

“ரெண்டு பேரும் மூடுங்க!” இஸ்திரிக்காரி கத்தினாள். “நான் முதல்லயா, சட்டம் முதல்லயான்னு சண்டை போடுறீங்க. எனக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டீங்களா? என் மகளோட சர்டிபிகேட்டெல்லாம் அங்கதான் இருக்கு. அதில்லாம வேற ஸ்கூல்ல சேர்க்க முடியாது. நான் இல்லைன்னு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். முதல்ல அதைத்தான் கொளுத்துவான்.”

வக்கீலம்மா கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டினார். ஸ்டியரிங் வேனைக் கிளப்பினாள். வழி நெடுக இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

புருஷன் வாசலை மறித்து நின்றான். வக்கீலம்மா நேரே அவன் முகத்துக்கெதிரே போய்ச் சட்டம் பேசினார். அவன் விட்ட அறையில் அவருடைய மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. அப்போதும் அவர் ஓரடி நகரவில்லை. அந்த இடைவெளியில் ஸ்டியரிங் உள்ளே புகுந்து அலமாரியைக் குடைந்து ஃபைலோடு வெளியே வந்தாள்.

மகளுக்குப் புதுப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஸ்டியரிங் இப்போது ஒரு கம்பெனியில் லாரி ஓட்டுகிறாள். சட்டம் இன்னும் வந்தபாடில்லை. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் வக்கீலம்மாவும் அவளும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.