தேன்பன்காரரின் அளவு டப்பா

ஊரில் அவரை யாரும் பேக்கரிக்காரர் என்று சொல்வதில்லை. தேன்பன்காரர் என்றுதான் பெயர். அந்தப் பெயருக்கே ஆபத்தாக வந்து சேர்ந்தது புது வரி. நூறு கிராம் தின்பண்டத்தில் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் வரி கட்ட வேண்டும், வசூலாவது அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். செய்தியைப் படித்ததும் மனிதர் அடுப்புக்குப் போட்டியாகக் கொதித்தார்.

"விலைய ஏத்தினா பள்ளிக்கூடப் பிள்ளைங்க எங்க போகும்? சர்க்கரையக் குறைச்சா என் பேரு என்னாகும்? ஒரு ஸ்பூன் குறைக்கிறதுக்குப் பதிலாக் கடையையே மூடிடுவேன்" என்றார் மனைவியிடம்.

அவள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "பன்னத்தான் பரிசோதனைக்கு அனுப்பியாச்சே. முடிவு வரட்டும். அதுக்குள்ள ஏன் குதிக்கிறீங்க?"

"என்னத்த வரப்போகுது? ஒரு தடவைக்குப் பத்து டப்பா சர்க்கரை. நானே அளந்து போடுறேன், எனக்குத் தெரியாதா?"

அதே வாரம் ரத்தப் பரிசோதனைக்கும் கொடுத்திருந்தார். ஆறு வருடமாக அவருக்குச் சர்க்கரை. வந்த புதிதில் டாக்டரையே மிரள வைத்தது, வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. தினமும் இரண்டு தேன்பன் உள்ளே தள்ளியும் இறங்கியது. எல்லாம் தன் காலை நடையின் மகிமை என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. மாவுக் கையோடு எடுத்தார்.

"சார், பரிசோதனை முடிவு வந்திருக்கு. உங்க சர்க்கரை அளவுக்குக் கீழதான் இருக்கு. கவலைப்படாதீங்க."

தேன்பன்காரருக்கு வாயெல்லாம் பல். "எனக்கு அப்பவே தெரியும். எல்லாம் நடைதான் காரணம். ஒரு நாள் தவறாது."

எதிர்முனையில் குரல் குழம்பியது.

"பன்னு எங்க சார் நடக்குது? நான் வரி ஆபீஸ்ல இருந்து பேசுறேன். உங்க தேன்பன்னுக்கு வரி கிடையாது."

சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் பன்னுல சர்க்கரை கம்மியா? மறுபடி பாருங்க."

"மூணு தடவை பாத்தாச்சு சார்" என்று அதிகாரி போனை வைத்துவிட்டார்.

திரும்பினால், மனைவி அளவு டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள். கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். அதே கைப்பிடி, அதே சொட்டை. விளிம்பு மட்டும் அரத்தால் தேய்த்த மாதிரி பளபளத்தது.

"வருஷத்துக்கு அரை விரல். வெல்டிங் கடையில கொடுத்து வெட்டுவேன். உங்களுக்குச் சர்க்கரைன்னு டாக்டர் சொன்னாரே, அந்த வாரமே ஆரம்பிச்சிட்டேன். சொன்னா நீங்க கேக்கவா போறீங்க?"

"டப்பா சின்னதாத் தெரியுதேன்னு கேட்டேன். என் கை பெருத்துப்போச்சுன்னு சொன்னியே."

"சொன்னேன். நீங்களும் நம்பினீங்க."

"அப்ப என் நடை?"

"டீக்கடை வரைக்கும் போறதுக்குப் பேரு நடையா?"

கோபப்படத்தான் வாயைத் திறந்தார், சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வருடமாக ஊரே சப்புக்கொட்டித் தின்றிருக்கிறது, ஒருவர்கூட இனிப்பு போதவில்லை என்று சொன்னதில்லை. சிரித்துச் சிரித்து மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். தன்னைக் காப்பாற்ற ஒருத்தி இத்தனை வருடம் ஏமாற்றியிருக்கிறாளே என்று நினைக்க நினைக்க மனசு குளிர்ந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வருஷம் வெட்டியாச்சா?"

"இன்னும் இல்ல."

"சரி, நானே கொடுத்துட்டு வரேன்" என்று எழுந்தார். "வெல்டிங் கடை டீக்கடையத் தாண்டித்தானே இருக்கு? நடந்தே போறேன்."