லென்ஸுக்கு வைத்த திருநீறு

மல்லசமுத்திரத்தில் ஆடிக் காற்று அடித்தால் சோற்றிலும் மண், கண்ணிலும் மண், மயில்சாமியின் கேமராவிலும் மண். படம் பிடிப்பதே அவன் பிழைப்பு. பெண்டாட்டி பாவாயியின் காசுமாலையை விற்று வாங்கிய ஜெர்மன் லென்ஸ் அதில் இருந்தது. கீறல் விழுந்தால் இன்னொன்று வாங்க, அவள் கழுத்தில் தாலியைத் தவிர ஒன்றுமில்லை.

அதனால் அன்று, நாலைந்து ஊருக்கு வரி வசூலிக்கும் நிலக்கிழாரான மிட்டாதார் சின்னண்ணன் வீட்டு வாசலில் லென்ஸோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினான். முதலில் ரப்பர்க் குமிழை அமுக்கிக் காற்றால் மண்ணை ஊதினான். பிறகு அணில்முடித் தூரிகையால் பட்டும் படாமலும் தட்டிவிட்டான். துணியைப் பக்கத்திலேயே கொண்டுபோகவில்லை. மண்ணிருக்கும்போது துணியால் தேய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான்.

வெள்ளைக்காரச் சர்க்கார் கொடுக்கும் ராவ்சாகிப் பட்டத்துக்கு மனுப் போடும் மிட்டாதாருக்கு, அதோடு வைக்க ஒரு படம் வேண்டும். ஜரிகைத் தலைப்பாகைக்குள் அவருக்கு வேர்த்து வடிந்தது.

"ஏப்பா, கண்ணாடியத் தாலாட்டித் தூங்க வெக்கறயா? ஆச்சா இல்லியா?"

"ஆச்சுங்க. இனி ஆரும் தொடாம இருந்தாப் போதுமுங்க."

சொல்லிவிட்டு, படம் விழும் கண்ணாடித் தகட்டை எடுக்கக் குனிந்தான். நிமிர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. புது வண்டியானாலும் புது ஏரானாலும் திருநீறும் சந்தனமும் வைக்காமல் தொடாத வீடு அது. மிட்டாதார் மனைவி நல்லம்மாள் தட்டோடு வந்து, குழைத்த திருநீற்றை மூன்று விரலால் லென்ஸில் இழுத்து, நடுவில் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டாள். பெட்டியின் மரத்தில் வைத்திருக்கக் கூடாதா! மயில்சாமி துணியைத் தேடினான்.

"தொடைச்சுப் போடறனுங்க."

"சாமி பேரச் சொல்லி வெச்சத அழிப்பியா? எனக்குப் பட்டம் கெடைக்காமப் போகோணுமா? அப்படியே புடி!" என்று மிட்டாதார் அதட்டினார்.

பிடித்தான். வீட்டுக்கு வந்து ஊதி, தூரிகையால் உதிர்த்து, பழைய மல் துணியை நனைத்துப் பிழிந்து நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி ஒற்றி எடுத்தான். ஓரத்தில் முடி போல ஒரு கீறல். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

படத்தில் மிட்டாதார் பனிமூட்டத்துக்குள் நிற்பது போலிருந்தார். அம்மைத் தழும்பைக் காணோம், தொங்கு தாடையைக் காணோம், வயதில் இருபது குறைந்திருந்தது. உதை வாங்கத் தயாராகத்தான் கொண்டுபோனான். அவரோ வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதுதாம்ப்பா என்ற மூஞ்சி!"

பட்டம் வரவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, சங்ககிரி முதல் நாமக்கல் வரை பெரிய மனிதர்கள் எல்லோரும் திருநீற்றுத் தட்டோடு கேமராவின் முன்னால் வந்து நின்றார்கள். துடைத்த லென்ஸில் பிடித்துக் கொடுத்தால், "இது ஆரு மூஞ்சி?" என்று திருப்பிக் கொடுத்தார்கள். மயில்சாமி யோசித்தான். ஜன்னல் கண்ணாடியில் வட்டமாக ஒரு வில்லை வெட்டி லென்ஸுக்கு முன்னால் மாட்டினான். பூசுகிறவர்கள் அதில் பூசட்டும். லென்ஸ் தப்பியது. ஒருத்தர் முகத்தையும் உள்ளபடி பார்க்காமல் அது பளபளவென்று சும்மா கிடந்தது.

அது அவன் மனசை அரித்தது. ஒரு தை மாதக் காலையில் வில்லையைக் கழற்றி வைத்துவிட்டு, பாவாயியை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து ஒரு படம் பிடித்தான். கண்ணோரச் சுருக்கம், மூக்குத்திக் கல், மாலையில்லாத கழுத்து எல்லாம் அப்படியே விழுந்திருந்தன. அப்படியொரு படத்தை அவன் எடுத்ததே இல்லை. பெருமையோடு நீட்டினான்.

பாவாயி நெடுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் திருநீறு பூசிப் புடிக்கறீங்க. என்ற மூஞ்சிக்கு மட்டும் ஒரு துளி பஞ்சமாப் போச்சுங்களா?"