எழுதிக் கொடுக்காத காடு

அனுசியா ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. போடியில் ஒரு வியாபாரியின் கடை மாடியில் ஜன்னலோரமாக அவளுக்கு வேலை. பச்சைக் காய் தனி, வெடித்த காய் தனி என்று விரல்கள் தாமாகவே பிரித்துக்கொண்டிருந்தன. பேசியது குரங்கணி இருளம்மாள். அனுசியாவின் காட்டில் பல வருசமாகக் காய் பறிப்பவள்.

"ஏத்தா, ஒன் மாமியா ஆள் கூட்டிக்கிட்டு மேலச்சரிவுல ஏறுறா. ஒன் காட்டுல காய் எடுக்கப் போறாளாம். என்னையும் கூப்பிட்டா. முழங்கால் வலின்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். வெரசா வா."

அனுசியா கையிலிருந்த காயை உதறிவிட்டு எழுந்தாள்.

மேலச்சரிவு ஏலக்காடு அவளுடையது. கல்யாணத்துக்கு நகை போட வழியில்லாத அப்பா, இதுதான் ஒனக்குச் சீதனம் என்று அதை அவள் பெயருக்கே எழுதிப் பதிந்து கொடுத்தார். பட்டாவும் அவள் பெயரில்தான். அந்த மழைக்காலத்திலேயே அப்பா போய்விட்டார். பெண் பார்க்க வந்த அன்றே புருசன் முத்துக்கண்ணனின் கண் அவளைத் தாண்டி அந்தக் காட்டின்மேல்தான் விழுந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. தாலி ஏறிய மறுமாதமே ஆரம்பித்துவிட்டான். எம்பேருக்கு மாத்திட்டா லோன் வாங்க லேசு என்பான். சோற்றுக்குக் குழம்பு ஊற்றும்போதும் அதே பேச்சு, விளக்கை அணைத்த பிறகும் அதே பேச்சு. அவன் அடித்ததில்லை. அவள் தலையாட்டுகிற வரைக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டான், அவ்வளவுதான். கடைசியில் ஒருநாள் கோயிலுக்கு என்று கூட்டிப்போய்ப் பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் பைக்கை நிறுத்தினான். உள்ளே பத்திரம் தயாராக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அனுசியா எழுந்தாள். மேஜைப் பக்கம் போகவில்லை. வாசலைப் பார்த்து நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவன் வீட்டுக்கும் அப்புறம் போகவில்லை. அப்போது கல்யாணமாகி ஒரு வருசம்கூட நிறையவில்லை.

குரங்கணி ஜீப்பில் ஏறப்போன இடத்தில் அண்ணன் பிரதீப் வந்து மறித்தான். யாரோ அவனுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

"சொன்னாக் கேளு. காட்டக் குடுத்துட்டா அவன் பேசாம விவாகரத்துல கையெழுத்துப் போட்டுருவான். கேஸு, கோர்ட்டுன்னு அலஞ்சா நாளைக்கு ஒன்னைய யாரு கட்டுவா?"

"காட்டுக்காகக் கட்டுனவன் ஒருத்தனப் பாத்தாச்சுண்ணே. அவங்கூடக் குப்ப கொட்டுனது ஒரு வருசம்கூட இல்ல. அதுக்கு வெல அப்பா காடா?"

அவள் ஏறி உட்கார்ந்ததும் ஜீப்பு நகர்ந்துவிட்டது.

குரங்கணியில் இறங்கி இருளம்மாளையும் அழைத்துக்கொண்டு ஏறினாள். வலிக்கிற முழங்காலோடு இருளம்மாள்தான் முன்னால் போனாள். மேலே போகப் போக மஞ்சு இறங்கி, பத்தடிக்கு அப்பால் இருக்கிற பலாமரம்கூடத் தெரியவில்லை. ஈரத்தில் ஏலச்செடிகள் தலை கவிழ்ந்து நின்றன. பேச்சுக்குரல்தான் முதலில் கேட்டது. அப்புறம் தூரடியில் குத்தவைத்துக் காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் தெரிந்தார்கள். நடுவில் ஒரு பாறைமேல் மாமியார் ராமுத்தாய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாதி நிறைந்த சாக்கு.

அனுசியா நேராகப் போய் அந்தச் சாக்கின் வாயை முறுக்கிக் கட்டினாள்.

"கைய எடு," என்றாள் ராமுத்தாய். "ஒரம் போட்டது எம்மகன். மருந்தடிச்சது எம்மகன். மண்ணு வேணா ஒன்னோடதா இருக்கலாம், காயி எங்களுது."

"களையெடுத்தது யாரு அத்தே? எங்காலப் பாருங்க, அட்ட கடிச்ச தழும்பு இன்னும் போகல. போன தடவ எடுத்த காயெல்லாம் ஒங்க வீட்டுக்குத்தான வந்துச்சு? ஒரத்துக்கும் மருந்துக்கும் அது போதாதா?"

பறித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. ஒருத்தி, "நாங்க யாருக்குத்தான் எடுக்கிறது?" என்று கேட்டாள்.

"எனக்கு எடுங்க. கூலி நான் தர்றேன்."

ராமுத்தாய் பாறையிலிருந்து எழப் பார்த்தாள், மலையேறிய அலுப்பில் முடியவில்லை. குரல் மட்டும் உயர்ந்தது. "என்ன திமிருடி ஒனக்கு! எங்கப்பனும் எனக்கு நெலம் எழுதித்தான் வச்சாரு. பொட்டிபுரத்துல, கெணத்தோட. தாலி கட்டுன மாசமே ஒன் மாமனாரு எங்கட்டவெரலப் புடிச்சு மையில உருட்டுனாரு. அத வித்துத்தான் அவரு தங்கச்சியக் கட்டிக் குடுத்தாரு. நான் ஒரு வார்த்த கேட்டனா? கேக்கணும்னுகூடத் தோணலயே!"

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல நிறுத்திக்கொண்டாள். அனுசியாவுக்கு ஒரு கணம் அந்தப் பாறையில் அவளோடு உட்காரலாம் போல இருந்தது. உட்காரவில்லை.

"நீங்க கேக்கல அத்தே. நான் கேக்கிறேன்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்துத் தூரடியில் குத்தவைத்தாள். மண்ணோடு கிடந்த காய்ச்சரத்தை ஒதுக்கி, முற்றிய காயாகப் பார்த்துக் கிள்ளினாள். இருளம்மாள் அடுத்த தூருக்குப் போனாள். பிறகு கேள்வி கேட்ட பெண் குனிந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் குனிந்தாள். இரண்டு பேர் மட்டும் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

அப்போது கீழேயிருந்து முத்துக்கண்ணனின் குரல் வந்தது. கூட நாலைந்து ஆம்பளைக் குரல்கள்.

"யம்மோவ்! எங்கிட்டு இருக்க? மஞ்சுல தடம் தெரியல, ஒரு சத்தம் குடும்மா!"

அனுசியாவின் விரல்கள் ஒரு காயின்மேல் நின்றன. வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள். காய் கையோடு வந்தது. மடியில் போட்டுக்கொண்டாள்.

"யம்மோவ்!"

ராமுத்தாய் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். முந்தானையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, வலது கையை மடியில் வைத்து, கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டாள். மஞ்சுக்குள் குரல் இன்னொரு முறை கூப்பிட்டது, இப்போது வேறு பக்கத்திலிருந்து.