செம்புத் தகடு காட்டிய தாமதம்

ஒரகடத்தில் தொடுதிரைக்கான ஃபிலிம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் நிலவன் டெஸ்ட் இன்ஜினியர். அந்த ஃபிலிமுக்குள் வெள்ளிக் கம்பிகள் வலைபோலப் பின்னிக் கிடக்கும்; தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லியவை. நொடிக்குப் பல லட்சம் முறை திசை மாறும் ஏசி மின்சாரத்தை அதில் செலுத்தி அளப்பதுதான் அவன் வேலை.

மார்ச் மாதம் மீட்டரில் ஒரு வினோதம் தெரிந்தது. திசை மாறும் வேகத்தைக் கூட்டக் கூட்ட, மின்னழுத்தம் முன்னே போக, மின்னோட்டம் பின்தங்கி வந்தது. அவ்வளவு மெல்லிய கம்பியில் எலக்ட்ரான்களின் சொந்த எடையே அவற்றைத் தாமதப்படுத்தலாம் என்று அவன் ஆய்வுக் கட்டுரைகளில் படித்திருந்தான். அதைத் தன் மேசையிலேயே பிடித்துவிட்டதாக நம்பினான். மேனேஜர் ராஜசேகர் முதுகில் தட்டிக்கொடுத்தார். கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் பேச அழைப்பும் வந்தது.

லேபில் அளவெடுத்து எழுதியவள் சசிகலா. பிள்ளைப்பாக்கத்துப் பெண், டிப்ளமோ முடித்துவிட்டு கான்ட்ராக்டில் இருந்தாள். ஒருநாள் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சார், மீட்டர்லேர்ந்து வர்ற இந்தக் கேபிள கொஞ்சம் நவுத்தி வெச்சா நம்பர் மாறுது சார். ஃபிலிம் அப்பிடியேதான் கீது."

"உன் கை ஆடியிருக்கும்மா. நீ நம்பர மட்டும் எழுது, போதும்."

"கை ஆடல சார். நாலு தபா பாத்துட்டேன்."

சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும் என்பது அவனுக்குத் தெரியும். கோயம்புத்தூர் வாய்ப்பு கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பார்க்காமல் விட்டான்.

அடுத்த மாதம், ஃபிலிம் வாங்கும் கம்பெனிக்காரர்கள் தாங்களே அளந்து பார்த்துவிட்டு, அப்படி ஒரு தாமதமே இல்லை என்று எழுதினார்கள். காலை மீட்டிங்கில், எல்லா ஆட்களும் நிற்க, ராஜசேகர் காரணம் கேட்டார்.

"ஆபரேட்டர் ஹேண்ட்லிங் தப்பு சார்," என்றது நிலவனின் வாய்.

சசிகலா நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி மூன்றாவது வரிசையில் நின்றிருந்தாள். மறுநாளே அவளை பாக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

தான் அளந்தாலும் தாமதம் வருகிறதே என்ற தைரியத்தில் நிலவன் கருத்தரங்கை விடவில்லை. மே மாதம் அதற்குப் படம் வரையும்போது, ஒப்பிட்டுக் காட்ட ஒரு தடித்த செம்புத் தகட்டையும் அளந்தான். அதில் தாமதம் இருக்கவே கூடாது. இருந்தது. ஃபிலிமில் வந்த அதே அளவு. கேபிளை மெல்ல நகர்த்தினான்; எண்ணும் நகர்ந்தது.

மார்ச்சில் பழைய கேபிளை எடுத்துவிட்டு நீளமானதைப் போட்டது அவன்தான். கேபிளின் பங்கைத் தனியே அளந்து கழித்துவிட வேண்டும் என்பது டிரெயினிகளுக்கு அவனே முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். அதைச் செய்யாமல் விட்டிருந்தான். இப்போது கழித்துப் பார்த்தான். ஃபிலிமில் தாமதம் இல்லை. மின்னோட்டம் ஒரு இழை முந்திக்கூட வந்தது. ஏசி அறையின் குளிரில் அவன் காது மடல்கள் எரிந்தன.

ராஜசேகர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரிப்போர்ட்ட சத்தமில்லாம திருத்திடு. அந்தப் பொண்ணு பாக்கிங்ல நல்லாத்தானே இருக்கு?"

அந்த நொடி நிலவனுக்கு நிம்மதியாக இருந்தது. படி இறங்கும்போது அந்த நிம்மதியை நினைத்துத்தான் அதிகம் கூசிப்போனான்.

மதியம் கேன்டீனில் சசிகலா டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்று குரலைத் தாழ்த்தினான். "சாரி சசிகலா. தப்பு என்னோடது. நீங்க சொன்னதுதான் சரி."

அவள் டப்பாவை மூடினாள். "அங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இங்க தனியா வந்து சாரி சொல்றீங்க. எங்க வூட்ல இன்னும் கேட்டுகினே கீறாங்க சார், இன்னா தப்பு பண்ணேன்னு. நான் இன்னான்னு சொல்றது?"

மறுநாள் ஷிப்ட் தொடங்கும் முன் நாற்பது பேர் எதிரில் அவன் பேசினான். "போன மாசம் நான் சொன்னது பொய். தப்பா அளந்தது நான். சசிகலா முன்னாடியே சொன்னாங்க, நான் கேக்கல. பழிய அவங்க மேல போட்டேன்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராஜசேகர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே, பேச வரவில்லை என்று கோயம்புத்தூருக்குக் காரணத்தோடு எழுதினான்.

ஒரு வாரத்தில் சசிகலா லேபுக்குத் திரும்பினாள். வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்குத் தோன்றும்.

ஒருநாள் மீட்டரிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். "இதுல ஓட்டம் கொஞ்சம் முந்திகினு வருதே சார், ஏன்?"

அழகான ஒரு விளக்கம் அவன் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினான்.

"எனக்கு இன்னும் தெரியலைங்க," என்றான், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்.