ஓர் அறுவடை வரைக்கும்

மில் முதலாளி தன் குடும்பத்துச் செப்பேட்டைப் பட்டுத்துணியில் சுற்றி ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார். குயவர் தெரு நிலம் தன் முன்னோருக்கு ராஜா கொடுத்தது, குயவர்கள் நேற்று வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். தெருவைக் காலிசெய்ய மறுத்த பானைக்காரம்மாவையும் வரச் சொல்லியிருந்தார். அவள் முகம் தொங்கிப்போவதை நேரில் பார்க்க அவருக்கு ஆசை.

"சத்தமா படிங்கம்மா, எல்லாரும் கேக்கட்டும்," என்றார் காப்பக அதிகாரியிடம்.

அதிகாரி லென்ஸ் வைத்துப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "வெள்ளத்துல வீட்ட இழந்து வந்த உங்க குடும்பத்துக்கு, குயவருங்க இரக்கப்பட்டு அவங்க நிலத்துல இடம் விட்டிருக்காங்க. ராஜா சாட்சி மட்டும்தான், சார். அதுவும் ஒரு அறுவடை வரைக்கும்னு போட்டிருக்கு."

கூட வந்த மச்சான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். முதலாளி செப்பேட்டைத் திருப்பினார், பின்பக்கத்திலாவது ஏதாவது ஆறுதல் இருக்குமோ என்று. இல்லை.

"அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஒழுங்கா எழுதத் தெரியாது," என்று முணுமுணுத்தார்.

பானைக்காரம்மா சிரிக்கவில்லை. ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்:

"அறுவடை முடிஞ்சுதாண்ணே? இல்ல, இன்னும் கொஞ்சநாள் ஆகுமா?"