திரை நிறையக் காது

ஆபரேஷன் செய்த முட்டியில் தையல் ஆறிவிட்டதா என்று பார்க்கத்தான் டாக்டர் வீடியோவில் அழைத்தாள். திரையில் வந்ததோ ஒரு காது. ஓய்வுபெற்ற அந்த பஸ் டிரைவரைப் பொறுத்தவரை போன் என்பது காதில் வைப்பதற்கு, அவ்வளவுதான்.

"ஐயா, போனை முட்டிக்கு நேரா பிடிங்க!"

"கேக்கலை டாக்டர்," என்று அவர் போனை இன்னும் அழுத்திக்கொண்டார்.

டாக்டர் தொண்டை கிழியக் கத்தினாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். ஆத்திரத்தோடு திரையை முறைத்தவள் சட்டென்று குனிந்து உற்றுப் பார்த்தாள். காதுக்குள் அழுக்கு கட்டியாக அடைத்துக் கிடந்தது. வீட்டுக்கு அனுப்பிய அன்று, முட்டியைத் தினமும் மடக்கி நீட்டச் சொன்னதற்கெல்லாம் மனிதர் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினாரே! அதில் ஒரு வார்த்தையாவது உள்ளே போயிருக்குமா?

"பக்கத்துல யாராவது இருக்கீங்களா?"

"அவர் சம்சாரம்ங்க. என் கத்தலே அவருக்குக் கேக்காது, உங்க கத்தலா கேக்கப் போகுது?"

"முதல்ல காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய்ச் சுத்தம் பண்ணுங்கம்மா. முட்டியை அப்புறம் பாத்துக்கலாம்."

சில நாள் கழித்து அழைத்தபோது திரை நிறைய முட்டி. தையல் அழகாக ஆறியிருந்தது. டாக்டர் பழைய வேகத்திலேயே கத்தினாள்.

"ஐயா! முட்டியைத் தினமும் மடக்கி நீட்டணும்!"

முட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எதுக்கு டாக்டர் இப்படிக் கத்துறீங்க? அன்னைக்கே சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டேனா?"